பொத்தானை நிரலே அழுத்துதல்

திரையில் உள்ள பொத்தானை மவுஸாலோ விசைப்பலகையாலோ தொடாமல், நிரலின் ஒரு வரியால் அழுத்த வைப்பது டெஸ்க்டாப் மென்பொருள் எழுதுவோரின் அன்றாட உத்திகளுள் ஒன்று. மென்பொருள் சோதனை, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரை வாசிப்பான், கருவிகளோடு இணைந்த கணக்கு மென்பொருள் எனப் பல இடங்களில் இது பயன்படுகிறது.

ஆலந்தலை போன்ற கடற்கரை ஊரில் மீன் ஏலத்துக்குக் கணக்கு வைக்கும் மென்பொருள் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். மின்னணுத் தராசு கணினியோடு இணைந்திருக்கிறது. கூடை நிறையச் சீலா மீனை ஏற்றி, முள் நிலைத்ததுபோல் எடை நின்றதும் ‘பதிவு செய்’ பொத்தான் தானாக அழுந்த வேண்டும். ஈரக் கையோடு மவுஸைத் தேட அங்கே யாருக்கும் நேரமிருக்காது.

இரண்டு வழிகள்

பொத்தானுக்குப் பின்னால் உள்ள செயற்கூற்றை நேராக அழைப்பது ஒரு வழி. பொத்தானையே ‘அழுந்து’ என்று ஏவுவது இன்னொரு வழி. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் ஒன்றல்ல. மைக்ரோசாஃப்டின் வின்டோஸ் ஃபார்ம்ஸ் கருவித்தொகுப்பில் இரண்டாம் வழிக்கு ‘பெர்ஃபார்ம்கிளிக்’ என்ற கட்டளை உண்டு. அது முதலில் பொத்தான் முடக்கப்பட்டோ மறைக்கப்பட்டோ இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் சும்மா இருந்துவிடும். அடுத்து, கர்சர் நிற்கும் கட்டத்தில் உள்ள தகவல் சரிதானா என்ற சோதனையை ஓட்டும். அதன் பிறகே சொடுக்கு நிகழும். செயற்கூற்றை நேராக அழைத்தால் இந்தக் காவல்கள் எதுவும் குறுக்கே வராது. விலை எழுதாத கூடையும் கணக்கில் ஏறிவிடும்.

ஒவ்வொரு கருவித்தொகுப்புக்கும் ஒரு வழக்கம் உண்டு. விஷுவல் பேசிக் 6-இல் பொத்தானின் ‘வேல்யூ’ பண்பை ‘ட்ரூ’ என்று மாற்றினாலே சொடுக்கு நிகழ்ந்துவிடும். ஜாவா ஸ்விங்கின் ‘டூகிளிக்’, பொத்தானை 68 மில்லி விநாடி அழுந்திய தோற்றத்தில் வைத்துக் காட்டும். க்யூட்டியில் ‘கிளிக்’ உடனே வேலையை முடிக்கும். ‘அனிமேட்கிளிக்’ அழுந்துவதைக் கண்ணுக்குக் காட்டிவிட்டு முடிக்கும்.

மைக்ரோசாஃப்டின் இன்னொரு கருவித்தொகுப்பான டபிள்யூ.பி.எஃப். சற்று வேறு. அங்கே சொடுக்கு நிகழ்வை மட்டும் எழுப்பினால், பொத்தானோடு பிணைத்த ‘கமாண்ட்’ ஓடாது. அதற்கு அணுகல்தன்மைக்கென உள்ள ‘இன்வோக்’ வழியைப் பிடிக்க வேண்டும்.

வெளியிலிருந்து வரும் சொடுக்கு

ஒரு மென்பொருளின் பொத்தானை இன்னொரு மென்பொருள் அழுத்துவதும் உண்டு. வின்டோஸில் ‘பி.எம். கிளிக்’ என்ற செய்தியைப் பொத்தானுக்கு அனுப்பினால், இடப்பக்க மவுஸ் விசை அழுந்தி விடுபட்டதாகவே அது எடுத்துக்கொள்ளும்.

லினக்ஸ் உலகில் இதற்கு இந்தியர் கைவண்ணத்தில் உருவான கருவி ஒன்று உண்டு. நோவெல் நிறுவனத்தில் பணியாற்றிய நாகப்பன் அழகப்பன் தொடங்கிய ‘லினக்ஸ் டெஸ்க்டாப் டெஸ்டிங் ப்ராஜெக்ட்’ அது, சுருக்கமாக எல்.டி.டி.பி. எவல்யூஷன் என்ற மின்னஞ்சல் மென்பொருள் அதைக் கொண்டு சோதிக்கப்பட்டது. திரை வாசிப்பான்களுக்காக மென்பொருள்கள் வெளியிடும் அணுகல் தகவலையே எல்.டி.டி.பி. சோதனைக்குப் பயன்படுத்திக்கொண்டது. அதன் ‘கிளிக்’ கட்டளைக்குச் சாளரத்தின் பெயரும் பொத்தானின் பெயரும் போதும். பொத்தான் என்பதைக் காட்ட ‘பி.டி.என்.’ என்ற மூன்றெழுத்தைப் பெயருக்கு முன்னால் சேர்ப்பது வழக்கம். பொத்தான் திரையில் எந்த மூலைக்கு நகர்ந்தாலும் சோதனை தடம் புரளாது. பின்னாளில் இதே பாணிக் கட்டளைகள் வின்டோஸுக்கு ‘கோப்ரா’ என்ற பெயரிலும், மேக் கணினிக்குத் தனியாகவும் வந்தன.

தடைகள்

வின்டோஸ் ஃபார்ம்ஸில் எந்த இழை (த்ரெட்) பொத்தானை உருவாக்கியதோ அதே இழைதான் அதைத் தொடலாம். தராசைக் கவனிக்கும் பின்னணி இழை, ‘பிகின்இன்வோக்’ மூலம் திரை இழையிடம் வேலையை ஒப்படைக்க வேண்டும்.

தீநிரலும் இப்படிச் சொடுக்கலாம் என்ற ஆபத்தால், வின்டோஸ் விஸ்டா முதல் தாழ்ந்த அதிகார நிலையில் ஓடும் மென்பொருள், உயர்ந்த நிலையில் ஓடும் சாளரத்துக்கு இத்தகைய செய்திகளை அனுப்ப முடியாது. திரை வாசிப்பான் போன்ற உதவி மென்பொருள்களுக்கு விலக்கு உண்டு. அவை மின்கையொப்பம் பெற்று, ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ போன்ற பாதுகாப்பான கோப்புறையில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரை வாசிப்பானைப் பென் டிரைவிலிருந்து ஓட்டுவோருக்கு, நிர்வாகி அதிகாரத்தில் ஓடும் சாளரங்களின் பொத்தான்கள் வசப்படாததற்கு இதுவே காரணம்.