எறும்பு வரும் வழி

அடுக்களைச் சுவரில் ஒரு நாள் காலையில் மெல்லிய கோடு ஒன்று தோன்றுகிறது. அருகே சென்று நோக்கினால் அக்கோடு அசைகின்றது. சர்க்கரைப் பாத்திரத்தில் தொடங்கிச் சன்னலின் விரிசல் வரையில் செல்லும் அவ்வரிசையைக் கண்டதும் நமக்குத் தோன்றும் முதல் எண்ணம், அதை நசுக்கிவிட வேண்டும் என்பதே. ஆனால் நம் முன்னோர் வகுத்த முறைகள் பெரும்பாலும் கொல்லும் முறைகளாக இருக்கவில்லை. வழியை மறிக்கும் முறைகளாகவே இருந்தன. உணவு அலமாரியின் நான்கு கால்களின் கீழும் தண்ணீர்க் கிண்ணங்களை வைத்தார்கள். எறும்பு நுழையும் இடுக்கில் மஞ்சள் தூளைத் தூவினார்கள். வாயிலில் இடும் அரிசிமாக் கோலம் எறும்புக்கு உணவாகும் என்பதும் பலரும் கூறக் கேட்டதே. கோலத்தில் உணவு கிடைப்பதால் எறும்பு உள்ளே வாராது என்று சிலர் சொல்வதுண்டு. அதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. வாயிலில் விருந்து கிடைத்தால் விருந்தினர் வாயிலோடு நிற்பார்கள் என்பது என்ன உறுதி? ஆனால் தண்ணீர்க் கிண்ணத்தின் பயனைப் பற்றி ஐயமே இல்லை. அதன் வரலாறு உலகெங்கும் பரவியது.

இம்முறையின் உட்பொருளை விஞ்ஞானிகள் சிறிது சிறிதாகவே உணர்ந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெனீவா நகரில் வாழ்ந்த சார்லஸ் போனே என்னும் இயற்கையாராய்ச்சியாளர், எறும்புகள் செல்லும் வழியின் குறுக்கே தம் விரலால் ஒரு முறை தேய்த்துப் பார்த்தார். தேய்த்த இடம் வந்ததும் எறும்புகள் திகைத்து நின்றன. கண்ணுக்குப் புலப்படாத ஏதோ ஒன்று அவ்வழியில் பூசப்பட்டிருக்கிறது என்பது இதனால் விளங்கிற்று. பின்னர், இங்கிலாந்தில் ஜான் லப்பக் என்பவர் எறும்புகளைப் பல ஆண்டுகள் வீட்டிலேயே வளர்த்து, 1882-ல் எறும்பு, தேனீ, குளவி ஆகியவற்றைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் தொழிலால் வங்கியாளர், நாடாளுமன்ற உறுப்பினருங்கூட. தம் எறும்புகள் ஓடிப் போகாதிருக்கக் கூடுகளைச் சுற்றி அவர் செய்த ஏற்பாடு என்ன தெரியுமா? தண்ணீர் அகழி! நம் வீட்டில் எறும்பு உள்ளே வாராதிருக்கச் செய்யும் ஏற்பாட்டை, அவர் எறும்பு வெளியே போகாதிருக்கச் செய்தார். அவர் வளர்த்த எறும்பரசி ஒன்று ஏறக்குறைய 15 ஆண்டுகள் உயிர் வாழ்ந்து 1888-ல் இறந்தது. இச்செய்தியைச் சிறிது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் ஊரும் எறும்புகள் யாவும் வேலைக்காரிகள். அவற்றுள் ஆயிரத்தைக் கொன்றாலும், கூட்டினுள் அரசி முட்டையிட்டுக்கொண்டே இருப்பாள்.

இவ்வுண்மையை ஒரு பெருநகரம் துன்பப்பட்டுக் கற்றுக்கொண்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில், 1891-ல், அதுவரை அங்கே காணப்படாத சிறிய பழுப்பு எறும்பு ஒன்று கண்டறியப்பட்டது. தென் அமெரிக்காவின் பரானா ஆற்றுப் பகுதியே அதன் தாயகம். கப்பல் சரக்கோடு அது வந்திருக்க வேண்டும். அர்ஜென்டினா எறும்பு என்று அதற்குப் பெயர். அது கொட்டுவதில்லை. நம் பிள்ளையார் எறும்பைப் போல் பார்வைக்குச் சாதுதான். ஆனால் அதன் ஒரு கூட்டில் பல அரசிகள் இருப்பார்கள். பக்கத்துக் கூட்டோடு அது பகை கொள்வதில்லை. அரசியும் சில வேலைக்காரிகளுமாக நடந்தே சென்று புதுக் கூடு அமைத்துவிடும். சில ஆண்டுகளில் அது தெருத் தெருவாகப் பரவியது. வீடுகளில் உணவை வைக்க இடமில்லாமற் போயிற்று.

இல்லத்தரசிகள் முதலில் நாடியது நாம் மேலே கண்ட பழைய முறையைத்தான். மேசைக் கால்களைத் தண்ணீர்த் தட்டுகளில் நிறுத்தினார்கள். ஆனால் தண்ணீரின் மேல் தூசி படிந்தாலும், மேசை சுவரைத் தொட்டாலும் எறும்புக்குப் பாலம் கிடைத்துவிடும். எனவே வேறொரு முறை வந்தது. சவ்வீரம் என்று நம் சித்த மருத்துவர்கள் அறிந்த பாதரச உப்பில் துணி நாடாவை நனைத்து உலர்த்தி, மேசைக் காலில் சுற்றிக் கட்டினார்கள். எறும்பு அதைக் கடப்பதில்லை. ஆயினும் அது கொடிய நஞ்சு. குழந்தைகள் தவழும் வீட்டில், அவர்கள் கைக்கெட்டும் உயரத்தில், அந்த நஞ்சைக் கட்டி வைப்பதா?

அப்போதுதான் ஆராய்ச்சியாளர்கள் ஓர் அரிய நுட்பத்தைக் கண்டார்கள். சர்க்கரைப் பாகில் பாஷாணத்தை, அதாவது ஆர்சனிக்கை, மிகுதியாகக் கலந்தால் எறும்பு தின்ற இடத்திலேயே மாளும், அல்லது தொடாமலே விலகும், கூட்டுக்குத் தீங்கில்லை. மிகச் சிறிதளவே கலந்தால், எறும்பு அதை உணவென்று எண்ணிக் கூட்டுக்குச் சுமந்து சென்று அரசிக்கும் குஞ்சுகளுக்கும் ஊட்டும். நஞ்சு மெல்ல மெல்ல வேலை செய்தால்தான் வெற்றி. வீட்டெறும்பை ஒழித்த வரலாற்றில் இதைக் காட்டிலும் பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை என்பது என் கருத்து. பாஷாணம் கெட்டது, ஆனால் அதைப் பயன்படுத்திய சிந்தனை நல்லது.

அந்தச் சிந்தனையை அடுத்த தலைமுறை மறந்தது. டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் என்பதைச் சுவிட்சர்லாந்து நாட்டுப் பால் முல்லர் 1939-ல் கண்டறிந்தார்; 1948-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதன் பின்னே குளோர்டேன், டீல்ட்ரின், ஹெப்டாகுளோர் என்று வரிசையாக வந்தன. குளோர்டேனை வீட்டின் அடித்தளத்திலும் தரையோரங்களிலும் எறும்புக்காகவும் கறையானுக்காகவும் தெளித்தார்கள். அது எளிதில் அழியாமல் ஆண்டுக் கணக்கில் நிற்கும். அந்நாளில் அதைச் சிறப்பென்று புகழ்ந்தார்கள். பின்னர் அதுவே குற்றமாயிற்று.

வீட்டுக்கு வெளியிலும் இதே கதை நடந்தது. தென் அமெரிக்காவிலிருந்து அலபாமா மாநிலத்தின் மொபில் துறைமுகம் வழியாக வந்த நெருப்பெறும்பை ஒழிக்க, 1957-ல் அமெரிக்க அரசு ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கிற்று. விமானங்களிலிருந்து ஹெப்டாகுளோரும் டீல்ட்ரினும் தூவப்பட்டன. 1958-ல் மட்டும் ஏறத்தாழ 10 லட்சம் ஏக்கர் நிலம் இவ்வாறு நஞ்சூட்டப்பட்டது. பறவைகளும் மீன்களும் மடிந்தன. ரேச்சல் கார்சன் 1962-ல் வெளியிட்ட புகழ் பெற்ற நூலில் இச்செயலைக் கடுமையாகச் சாடினார். பிறகு மிரெக்ஸ் என்னும் வேறு நஞ்சு வந்தது. அதுவும் 1978-ல் நிறுத்தப்பட்டது. இத்தனைக்கும் பின் நெருப்பெறும்பு அழிந்ததா? இல்லை, மேலும் பரவியது. அதனோடு போட்டியிட்டு அதைத் தடுக்கக்கூடிய உள்நாட்டு எறும்புகளையும் அந்நஞ்சு சேர்த்துக் கொன்றுவிட்டது. காலியான வயலை முதலில் கைப்பற்றியது நெருப்பெறும்பே. குளோர்டேன் அமெரிக்காவில் 1988-ல் முற்றும் விலக்கப்பட்டது. 2001-ல் ஸ்டாக்ஹோமில் கையெழுத்தான உலக உடன்படிக்கையின் முதற்பட்டியலில் குளோர்டேன், டீல்ட்ரின், ஹெப்டாகுளோர், மிரெக்ஸ் ஆகிய நான்கும் இடம் பெற்றன.

தெளித்தால் கூட்டம் பெருகும் எறும்பும் ஒன்று உண்டு. லின்னேயஸ் 1758-ல் எகிப்திய அரசரை நினைவூட்டும் பெயரிட்ட பாரோ எறும்பு அது. மஞ்சள் நிறமும் மிகச் சிறிய உடலும் கொண்டது. மருத்துவமனைகளில் அது கிருமிகளைச் சுமந்து செல்வதாக 1972-ல் இங்கிலாந்திலிருந்து ஆராய்ச்சி வெளியாயிற்று. இந்த எறும்பின் மேல் மருந்து தெளித்தால், எஞ்சியவை சிறு சிறு கூட்டங்களாகப் பிரிந்து ஒவ்வோர் அறையிலும் புதுக் கூடு கட்டிவிடும். ஒரு கூடு பலவாகும்.

போனேயின் விரல் தொட்டது எதை என்பதும் இதற்கிடையே தெளிவாயிற்று. மொபில் நகரில், பதின்மூன்று வயதுச் சிறுவனாக, 1942-ல் தன் வீட்டருகே நெருப்பெறும்புக் கூட்டைக் கண்ட எட்வர்ட் வில்சன், பின்னாளில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளரானார். எறும்பின் அடிவயிற்றிலுள்ள நுண்ணிய சுரப்பியொன்றை எடுத்துக் கண்ணாடியில் கோடாகத் தேய்த்தார். எறும்புகள் கூட்டிலிருந்து புறப்பட்டு அக்கோட்டின் வழியே ஓடின. 1959-ல் அவர் இதை வெளியிட்டார். எறும்பு தன் வழியை மணத்தால் எழுதுகிறது. பின்வருவன அதைப் படிக்கின்றன.

பழைய பாகு முறையும் திரும்பி வந்தது, பாஷாணம் இன்றி. போரிக் அமிலம் அமெரிக்காவில் பூச்சி மருந்தாக 1948-லேயே பதிவு பெற்றிருந்தது. 1990-களில் ஆராய்ச்சியாளர்கள் அதைச் சர்க்கரை நீரில் 1 சதவீதத்துக்கு மிகாமல் கலந்து சோதித்து, அர்ஜென்டினா எறும்பின் அரசிகளையும் அது அழிப்பதைக் கண்டார்கள். கேரம் பலகையில் தூவும் பொடி பெரும்பாலும் போரிக் அமிலமே. பொற்கொல்லர் கையாளும் வெங்காரம் அதன் உறவு. ஆயினும் இதுவும் உண்ணத் தகாதது. குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாத இடத்தில், மூடியில் துளையிட்ட புட்டியில் வைக்க வேண்டும்.

மாணவர்கள் தம் வீட்டில் செய்து பார்க்கலாம். எறும்பு வரிசையைக் கண்டதும் நசுக்காமல், அது எங்கிருந்து வருகிறதென்று பின்தொடர்ந்து செல்லுங்கள். இறைந்து கிடக்கும் உணவை அகற்றுங்கள். பெரும்பாலான வீடுகளில் வழியைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, நுழையும் இடுக்கைச் சிமென்டால் அடைத்தால் போதும். அதற்கும் அடங்காவிட்டால்தான் பாகு. அதை வைத்த பின் வழியைத் துடைக்கலாகாது, துடைத்தால் எறும்பு பாகைச் சுமந்து செல்லாது. முதல் இரண்டு நாள்களில் வரிசை முன்னிலும் தடிப்பாகும். அதைக் கண்டு வீட்டுப் பெரியவர்கள் தெளிப்பானைத் தேடினால், சில நாள் பொறுக்கச் சொல்லி, புட்டியில் பாகு குறையக் குறைய ஊற்றி வாருங்கள்.