இலவசம் விலைபோகாத சந்தை

இந்திய மேசைக்கணினி வரலாற்றில் 2005ஆம் ஆண்டை ஓர் எண்ணோடு சேர்த்தே நினைவுகூர வேண்டியிருக்கிறது: 9,990. பத்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு கணினி என்ற இலக்கை அன்றைய மத்தியத் தகவல் தொழில்நுட்ப அமைச்சர் தயாநிதி மாறன் முன்வைத்தார். எச்.சி.எல். நிறுவனமும் கொல்கத்தாவின் ஜெனிட்டிஸ் குழுமமும் 9,990 ரூபாய்க்குக் கணினிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. எச்.சி.எல். கணினியில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ் இருந்தது. உரிமக் கட்டணம் கழிந்ததும் அந்த விலை சாத்தியமானதற்கு ஒரு காரணம். கட்டற்ற இயங்குதளம் ஒன்று நடுத்தர இந்தியக் குடும்பத்தின் கூடத்துக்குள் நுழைய அதைவிட நல்ல வாய்ப்பு அதுவரை அமைந்ததில்லை. நுழையவும் செய்தது, ஆனால் தங்கவில்லை.

ஏன் தங்கவில்லை என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, லினக்ஸ் கடினமானது என்பது. அது பாதி உண்மை. மீதியைத் தில்லியின் நேரு பிளேஸிலும் மும்பையின் லாமிங்டன் சாலையிலும் சென்னையின் ரிச்சி தெருவிலும்தான் தேட வேண்டும். அக்காலத்தில் வீட்டுக்குக் கணினி வாங்கியவர்களில் பலர் நிறுவனப் பெட்டியை வாங்கவில்லை. உதிரி பாகங்களைக் கோத்துத் தரும் ‘அசெம்பிள்’ கடைக்காரரிடம் சென்றார்கள். அவர் வன்தட்டைப் பொருத்திய கையோடு உரிமமில்லாத விண்டோஸையும் அலுவலகச் செயலிகளையும் சில விளையாட்டுகளையும் ஏற்றிக் கொடுத்தார். தனிக் கட்டணம் கேட்டவர் அரிது. இந்தியாவில் பயன்பட்ட மென்பொருளில் 70 விழுக்காட்டுக்கும் மேல் உரிமமற்றது என்று அந்த ஆண்டுகளில் மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பி.எஸ்.ஏ. கணக்கிட்டது. உரிமம் விற்பவர்களின் கணக்கு அது என்பதால் சற்றுக் கூடுதலாகவே இருக்கலாம். நிலைமையின் போக்கில் ஐயமில்லை. லினக்ஸின் உண்மையான போட்டியாளர் விலை கொடுத்து வாங்கும் விண்டோஸ் அன்று. காசில்லாமல் கிடைத்த விண்டோஸ். ‘இது இலவசம்’ என்று சொல்லி அங்கே எதையும் விற்க முடியாது. அதுவும் இலவசம்தான்.

இந்த இடத்தில் சொல்லாராய்ச்சி வரலாற்றுக்கு உதவுகிறது. 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தபோது ‘ஃப்ரீ’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கையாண்டார். விலையின்மை, விடுதலை ஆகிய இரு பொருளையும் அச்சொல் ஒருங்கே சுமக்கிறது. தாம் பேசுவது விடுதலையைப் பற்றியே என்று பல பத்தாண்டுகளாக அவர் விளக்கிக்கொண்டே இருக்க நேர்ந்தது. இந்திய மொழிகளுக்கு அந்த இடர்ப்பாடு இல்லை. இந்தியில் பாரசீக வழி வந்த ‘முஃப்த்’ விலையின்மையையும், வடமொழி வழி வந்த ‘முக்த்’ விடுதலையையும் குறிக்கும். இரண்டுக்கும் இடையே ஓர் ஒலிதான் வேறுபாடு. மலையாளத்தில் ‘சௌஜன்யம்’ வேறு, ‘ஸ்வதந்திரம்’ வேறு. தமிழில் ‘இலவசம்’, ‘கட்டற்ற’ என்ற இணை உண்டு. ஆங்கிலத்துக்கு வாய்க்காத தெளிவு கைவசம் இருந்தும், விளம்பரம் செய்தவர்கள் பெரும்பாலும் முதற்சொல்லையே எடுத்தார்கள். கடைத்தெருவின் மொழி அதுதானே.

லினக்ஸை வீட்டுக்குக் கொண்டுசேர்க்க நடந்த முயற்சிகளும் அந்த மொழியிலேயே நடந்தன. 1990களின் பிற்பகுதியில் ‘பிசி குவெஸ்ட்’ இதழ் லினக்ஸ் குறுவட்டை இதழோடு இணைத்துக் கொடுத்தது. தொலைபேசி வழி இணையம் ஊர்ந்துகொண்டிருந்த நாட்டில் அது பெரிய உதவி. 2004இல் உபுண்டு வந்த பின், கேட்டவர்களுக்கெல்லாம் அஞ்சற்செலவும் வாங்காமல் குறுவட்டு அனுப்பும் திட்டத்தை அதன் நிறுவனம் நடத்தியது. 2011இல்தான் அதை நிறுத்தியது. குறுவட்டு வந்து சேர்ந்த வீட்டில் அடுத்து நடந்தது வேறு கதை. அக்காலக் கணினிகளில் இருந்த மலிவு மோடங்கள் பல, பாதி வேலையை விண்டோஸின் தலையில் சுமத்தும்படி செய்யப்பட்டவை. லினக்ஸில் அவை ஊமையாகிவிடும்; இணையம் கிடையாது. காப்புரிமைச் சிக்கலுக்கு அஞ்சி 2002இல் ரெட் ஹாட் தன் எட்டாம் பதிப்பிலிருந்து எம்பி3 இயக்கும் வசதியையே எடுத்துவிட்டது. புதுக் கணினி வாங்கிய வீட்டில் முதலில் போட்டுப் பார்ப்பது பாட்டு. அது பாடவில்லையென்றால் உரிம நெறி பற்றிய உரையைக் கேட்க யார் உட்கார்ந்திருப்பார்கள்? கடைக்காரரிடம் போவார்கள், அரை மணி நேரத்தில் விண்டோஸ் ஏறிவிடும்.

மைக்ரோசாஃப்ட் இதை வேறு கோணத்தில் பார்த்தது. 2005இல் இந்தியில் ‘விண்டோஸ் எக்ஸ்பி ஸ்டார்ட்டர்’ பதிப்பை வெளியிட்டது. ஒரே நேரத்தில் மூன்று செயலிகளுக்கு மேல் திறக்காத, கை கட்டப்பட்ட பதிப்பு அது; மலிவுக் கணினிகளோடு மட்டுமே கிடைத்தது. விலையைக் குறைத்ததைவிட மொழியை மாற்றியது கவனிக்கத்தக்கது. சாதாரணப் பயனரை அடையும் வழி மொழியே என்பதைத் தனியுரிம நிறுவனமும் புரிந்துகொண்டிருந்தது. அதே 2005இல் மத்திய அரசு தமிழ் எழுத்துருக்களும் தமிழ்ச் செயலிகளும் அடங்கிய குறுவட்டைச் சென்னையில் வெளியிட்டது. பெரும்பாலான பெறுநர்கள் அதை விண்டோஸின் மேல்தான் நிறுவியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

இயங்குதளத்தையே மாற்றிய கதை கேரளத்தில் நடந்தது. நடந்த இடம் கடையன்று, பள்ளி. 2001 ஜூலையில் இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை ஸ்டால்மன் முன்னிலையில் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் அரசுப் பள்ளிகளுக்கான ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டமும் உருவானது. தொடக்கப் பாடநூல்கள் விண்டோஸைச் சார்ந்தே எழுதப்பட்டன. ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் அதை எதிர்த்தார்கள்: அரசுப் பணத்தில் ஒரு நிறுவனத்தின் எதிர்கால வாடிக்கையாளர்களை வளர்ப்பதா என்பது வாதம். 2002இல் எழுந்த ‘ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்’ குழு, என் கணினிக்கு என் மொழி என்ற பொருளில் முழக்கம் வைத்துக்கொண்டு எழுத்துருவையும் உள்ளீட்டையும் செம்மைசெய்தது. விலை பற்றி ஒரு சொல்லும் அந்த முழக்கத்தில் இல்லை.

மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை. ஆசிரியர்களிலிருந்தே முதன்மைப் பயிற்றுநர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அவர்கள் மற்ற ஆசிரியர்களுக்குக் கற்பித்தார்கள். பள்ளிதோறும் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருந்தார். டெபியனையும் பின்னர் உபுண்டுவையும் அடிப்படையாகக் கொண்டு, பாடத்துக்கு வேண்டிய செயலிகளை முன்கூட்டியே சேர்த்த தனிப் பதிப்பு உருவாக்கப்பட்டது. 2006இல் அமைந்த வி.எஸ். அச்சுதானந்தன் அரசு இதை வெளிப்படையாக ஆதரித்தது. பத்தாண்டு முடிவதற்குள் பள்ளி இறுதித் தேர்வின் கணினிச் செய்முறையும் கட்டற்ற மென்பொருளில் நடக்கலானது. தேர்வு வந்ததும் வீடும் அசைந்தது. பிள்ளை பள்ளியில் பழகியதை வீட்டிலும் பழக வேண்டும் என்ற கவலை, எந்த விளம்பரப் பலகைக்கும் இல்லாத வலிமையுடையது. மோடமோ பாட்டோ இயங்காவிட்டால் கேட்க ஓர் ஆசிரியரும் இருந்தார். ரிச்சி தெருக் கடைக்காரர் விண்டோஸுக்குச் செய்த பணியை அங்கே ஆசிரியர்கள் லினக்ஸுக்குச் செய்தார்கள்.

இதனோடு ஒப்பிட மற்றவை வெளிறித் தெரிகின்றன. 2007இல் சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்கென ‘பாஸ்’ லினக்ஸை வெளியிட்டது. தமிழ்நாட்டில் உமாசங்கர் தலைமையில் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸும் அருகருகே வைத்துக் கொடுக்கப்பட்டன. எதைத் திறப்பது என்று மாணவருக்குச் சொல்லப் பாடமும் இல்லை, தேர்வும் இல்லை.

கேரளத் திட்டம் 2017இல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமானது. 2019இல் அது புதிய பதிப்பை இரண்டு லட்சம் பள்ளிக் கணினிகளில் நிறுவுவதாக அறிவித்தது. வீடுகளிலும் டிடிபி மையங்களிலும் பயன்படுத்தத்தக்கது என்று அறிவிப்பில் இருந்தது. நாளிதழ்கள் தலைப்பில் எடுத்துக்கொண்டதோ மற்றொரு வரியை: உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சம்.