முன்மாதம்

"நாங்கள்லாம் காலையில மரம் வெட்டிட்டு வந்து சாயங்காலம் புள்ள பெத்தவளுங்க." தோட்டத்தில் வளர்ந்த எந்தப் பாட்டியிடமும் இந்த வசனம் இருக்கும். கமுந்திங் பக்கம் தோட்டங்கள் வீடமைப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிவிட்டன. வசனம் மட்டும் அப்படியே இருக்கிறது. மூச்சுப் பயிற்சி வகுப்புக்குப் போகும் கர்ப்பிணியைப் பார்த்தால் உடனே வெளியே வரும்.

பாட்டிகள் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. ஆனால் பெற்றுப் பிழைத்தவர்கள்தானே அதைச் சொல்ல மிஞ்சினார்கள்? 1950இல் மலாயாவில் உயிரோடு பிறந்த ஒவ்வொரு லட்சம் குழந்தைக்கும் 534 தாய்மார்கள் இறந்தார்கள். 1957இல் அந்த எண்ணிக்கை 282.

தயாராவது என்பது நமக்குப் புதிதும் இல்லை. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு. கை நிறைய கண்ணாடி வளையல். பிறகு தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு. சடங்கைக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது ஓய்வுதான். மாமியார் வீட்டு வேலையிலிருந்து ஒருத்தியை வெளியே எடுத்து, வலி என்றால் என்னவென்று தெரிந்த பெண்கள் நடுவில் உட்கார வைக்கும் ஏற்பாடு அது. கங்காணியோடு கப்பலேறி வந்தவளுக்கோ தாய்வீடு கடலுக்கு அந்தப் பக்கம். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியபோது அம்மாவோ அத்தையோ பின்னால் வந்துசேரும் வழியும் பெரும்பாலும் அடைபட்டது. லயத்தில் பக்கத்து வீட்டுக்காரிதான் தாய்வீடு. பல இடங்களில் கம்போங்கிலிருந்து மலாய் பீடானும் வந்து உடம்பு பிடித்துவிட்டு, வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டுப் போவார்.

உடம்பைப் பொறுத்தவரை தோட்டத்துக் கர்ப்பிணியின் முதல் எதிரிகள் மலேரியாவும் கொக்கிப்புழுவும். இரண்டும் ரத்தத்தைக் குடித்தன. மலேரியா கருவையும் கலைத்தது. டாக்டர் மால்கம் வாட்சன் 1901இல் கிள்ளானில் சதுப்பு நிலங்களை வடியவைத்தார்; அந்த வழி பின்னர் தோட்டங்களுக்கும் பரவியது. பொறியாளன் என்பதால் எனக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும்: கர்ப்பிணிக்கு முதலில் கிடைத்த பராமரிப்பு ஒரு வாய்க்கால்.

அடுத்தது சட்டம். 1919இல் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு, தொழிற்சாலைப் பெண்களுக்குப் பிரசவத்துக்கு முன் ஆறு வாரம், பின் ஆறு வாரம் என்று ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தது. மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டப் பெண்ணுக்குக் கொடுத்தது முன் ஒரு மாதம், பின் ஒரு மாதம், அதற்கு ஒரு படி. கருணையால் மட்டும் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கப்பலில் ஆள் கொண்டுவரக் காசு செலவாகிறது. இங்கேயே பிறப்பவன் மலிவு. காரணம் எதுவாக இருந்தாலும், விடியாத இருட்டில் பெரட்டுக்குப் போகாமல் இருக்க முப்பது நாள் அவளுக்குச் சொந்தமானது. குறைந்தபட்சம் தாளில்.

அதே காலத்தில், 1933இல், கிராண்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய மருத்துவர் இயற்கைப் பிரசவம் பற்றிய நூலை வெளியிட்டார். பயம் உடம்பை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது. ஆகவே பயத்தை முன்கூட்டியே போக்கவேண்டும் என்றார். இன்றைய வகுப்புகளின் ஒரு வேர் அங்கே இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், 'பழங்குடி'ப் பெண்கள் வலியில்லாமல் சுலபமாகப் பெறுகிறார்கள் என்றும் அவர் நம்பினார். நம் பாட்டிகளின் வசனத்தை அவர் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். லயத்தில் பயம் இல்லாமல் இல்லை. அதைக் கேட்க யாருக்கும் நேரம் இல்லை, அவ்வளவுதான்.

மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் 60 நாள் பிரசவ விடுப்பு தந்தது. 2023 ஜனவரி முதல் அது 98 நாள். ஆனால் விடுப்பைப் பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்னால் தொடங்க முடியாது. 1923இன் அதே முன்மாதம்! கூடிய நாளெல்லாம் பின்பக்கம்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த முன்மாதத்தையும் எடுப்பவர்கள் குறைவு. இங்கே ரப்பர் பால் இப்போது கையுறையாக வெளியே வருகிறது. அப்படியொரு தொழிற்சாலையில் தரச்சோதனைப் பிரிவில் நிற்கிறாள் என் அக்கா. 36ஆம் வாரம். கிளினிக்கில் கொடுத்த தாய்சேய்ப் புத்தகத்தில் மஞ்சள் ஸ்டிக்கர், ரத்தம் குறைவு. "இப்பவே லீவு எடேன்"னு கேட்டேன்.

"வலி வந்தப்புறம் எடுத்தா 98 நாளும் புள்ளையோட இருக்கலாம்டா. முன்னாடி எடுத்தா அதுல கழிஞ்சிடும்" என்றாள். நாட்காட்டியில் அவள் போட்டிருந்த கணக்கில் ஒரு தப்பும் இல்லை.