மீன்பாடி: எழுதப்படாத ஒரு வண்டியின் கதை

மனிதனை மனிதன் இழுத்துச் சென்ற கைரிக்சா 1973இல் மு. கருணாநிதி தலைமையிலான அரசால் தமிழகத்தில் ஒழிக்கப்பட்டதையும், இழுத்தவர்களுக்கு மாற்றாக மிதிரிக்சாக்கள் வழங்கப்பட்டதையும் நாம் அறிவோம். அதற்கு இரண்டாண்டு முன்பே, 1971இல், ‘ரிக்சாக்காரன்’ வெளியாகி எம்.ஜி.ஆருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. ஆளேற்றிய வண்டியைச் சட்டமும் கண்டது, திரையும் கண்டது. அதே சென்னைத் தெருக்களில் சரக்கேற்றிச் சென்ற மூன்று சக்கர வண்டியைப் பற்றி எழுத நமக்கு ஏனோ தோன்றவில்லை.

அவ்வண்டிக்குச் சென்னை இட்ட பெயர் மீன்பாடி. காட்பாடி, வாணியம்பாடி என ஊர்ப்பெயர் ஈற்றில் வரும் பழந்தமிழ்ப் பாடிக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறார்களே, அந்த ஆங்கிலப் பாடிதான். காசிமேட்டிலிருந்து பனிக்கட்டி இட்ட கூடைகளைச் சிந்தாதிரிப்பேட்டை போன்ற சந்தைகளுக்குக் கொண்டு சேர்த்ததால் மீன் முன்னொட்டாயிற்று. பின்னர் இரும்புக் கம்பி, மரச்சட்டம், தண்ணீர்க் கேன் என எதை ஏற்றினாலும் பெயர் மாறவில்லை.

வடநாட்டுத் தேலாவில் ஓட்டுபவர் முன்னே அமர்வார். சரக்கு பின்னே இருக்கும். மீன்பாடியிலோ இரு சக்கரங்களின் மேல் அமைந்த தட்டு முன்னே, மிதிப்பவர் ஒற்றைச் சக்கரத்தின் மேல் பின்னே. 1920களில் இங்கிலாந்தில் வால்ஸ் நிறுவனத்தார் ஐஸ்கிரீம் விற்ற வண்டிகளும் இவ்வமைப்பினவே. சரக்கு எப்போதும் கண்ணெதிரே இருப்பது இதன் வசதி. பாரத்தோடு முன்பக்கத்தைத் திருப்புவதற்குத் தோள்வலிமை வேண்டும். மேம்பாலத்தில் இறங்கித் தள்ளத்தான் வேண்டும்.

ஜார்ஜ் டவுனின் தெருக்கள் லாரிக்காக வகுக்கப்பட்டவை அல்ல. கோடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் காகிதம், கொத்தவால் சாவடியில் காய்கனி. லாரி ஷெட்டில் இறங்கிய பொதி கடைவாசலை அடையும் கடைசி அரை மைல், கைவண்டிக்கும் மூன்று சக்கர வண்டிக்கும் உரியதாயிருந்தது. 1996இல் காய்கனிச் சந்தை கோயம்பேட்டுக்குப் பெயர்ந்தது. நெரிசலைக் கருதினால் அது தேவையான மாற்றமே. ஆயினும் அங்கிருந்து வடசென்னைக் கடைகளுக்குள்ள தொலைவு, பாரத்தோடு மிதித்துக் கடக்கும் தொலைவன்று.

மிதித்தவர்கள் தாமே ஒரு வழி கண்டனர். கழித்துப்போட்ட ஸ்கூட்டர், புல்லட் எஞ்சின்களை வண்டியில் பொருத்தினர். இதை அத்துமீறல் என்று மட்டுமே பேசுவோர் உண்டு. முழங்கால் தேய்ந்தவர்களின் பொறியியலாகவும் இதை நாம் காண வேண்டும். ஆபத்தும் பொய்யன்று. மிதிப்பதற்கென்று கட்டிய சட்டகத்தில் எஞ்சினின் வேகத்தை ஏற்றிவிட்டார்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவும் காப்பீடும் இன்றி எஞ்சின் வண்டி சாலையில் ஓடக்கூடாது. ஆகவே இடிபட்டவருக்கு இழப்பீடு பெறுவது அரிது. பிடிபட்டால் ஓட்டுபவருக்குப் பிழைப்பே போயிற்று. 2005இல் டாட்டா ஏஸ் வந்து ‘குட்டி யானை’ ஆனது. கடன் கிடைத்தவர்கள் அதற்கு மாறினர்.

இதற்கிடையே, 2012இல் ஹாம்பர்க் நகர மையத்தில் யூபிஎஸ் நிறுவனம் ஒரு கொள்கலனைக் கொண்டுவந்து நிறுத்தி, அங்கிருந்து சரக்கு மிதிவண்டிகளில் பொதிகளை விநியோகிக்கத் தொடங்கியது. லாரி ஷெட்டும் மீன்பாடியும் சேர்ந்தால் எதுவோ அதுவேதான். அங்கே அதற்குச் சூழலியல் என்று பெயர்; இங்கே போக்குவரத்து இடையூறு.

நம் மோட்டார் வாகனச் சட்டம் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில், 4000 வாட்டுக்கு மிகாத மின்கல முச்சக்கர வண்டிகளுக்குத் தனிப்பிரிவு தந்தது. ஆளேற்றும் இ-ரிக்சாவோடு சரக்கேற்றும் இ-கார்ட்டும் அங்கே பெயர் சுட்டப்பட்டுள்ளது. வகுத்த அளவுகளின்படி அமைந்த வண்டிகளுக்கே அது பொருந்தும்; ஓட்ட உரிமமும் வேண்டும். சவுகார்பேட்டைச் சந்துகளில் இன்றும் மிதித்துக்கொண்டிருப்பவர்க்கோ, அதன் விலையும் அதற்கான கடனுமே முதற்கேள்வி.