சந்திரசேகரின் 1942–43 ஆய்வுகளும் விண்மீன் கொத்துகளின் காலக்கணிப்பும்

முன்னுரை

சுப்பிரமணியன் சந்திரசேகர் (1910–1995) குறித்த தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் இரு நிகழ்வுகளைச் சுற்றியே அமைகின்றன. ஒன்று, 1930இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது அவர் மேற்கொண்ட வெண்குறுமீன் பற்றிய கணிப்பு. மற்றொன்று, 1935 சனவரியில் இலண்டனில் எடிங்டன் அதனை மறுத்துரைத்தமை. 1983ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவ்வரலாற்றின் நிறைவாகச் சுட்டப்படுகிறது. இவ்வாறு நோக்குங்கால், அவர் அமெரிக்காவின் யெர்க்கிஸ் வானாய்வகத்தில் 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஆற்றிய பணி மறைந்துபோகிறது. விண்மீன் கொத்துகளின் வயதையும் ஆயுளையும் கணிப்பதில் அப்பணிக்குள்ள இடத்தை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விண்மீனின் உள்ளகம்

எடிங்டனுடனான விவாதத்தைத் தொடராமல், தம் முடிபுகளை 1939இல் விண்மீன் கட்டமைப்பு பற்றிய நூலாகத் தொகுத்தளித்துவிட்டுச் சந்திரசேகர் புதிய வினாக்களுக்குச் சென்றார். 1942இல் பிரேசில் நாட்டு இயற்பியலாளர் மாரியோ ஷேன்பெர்க்குடன் இணைந்து, முதன்மைத் தொடர் விண்மீன்களின் படிமலர்ச்சி பற்றிய கட்டுரையை வெளியிட்டார். மையத்தில் ஐதரசன் தீர்ந்தபின் அங்கு எரியாத ஈலிய உள்ளகம் ஒன்று எஞ்சும். சீரான வெப்பநிலையுடைய அவ்வுள்ளகம் விண்மீனின் மொத்த நிறையில் ஏறத்தாழ 10 விழுக்காட்டைக் கடப்பின், மேலுள்ள அடுக்குகளைத் தாங்கவியலாது என அவர்கள் காட்டினர்.

இவ்வரம்பின் முழுப் பயன் பத்தாண்டுகளுக்குப் பின்னரே புலப்பட்டது. 1952இல் சாண்டேஜும் ஷ்வார்ஸ்சைல்டும் வரம்பைக் கடந்த உள்ளகம் சுருங்கும்போது புறவடுக்குகள் விரிந்து விண்மீன் செம்பெருமீனாவதைக் கணித்தனர். ஒரு கொத்தின் விண்மீன்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தவை. அவற்றுள் நிறை மிக்கவையே எரிபொருளை முதலில் தீர்க்கின்றன. ஆகவே, விண்மீன்கள் முதன்மைத் தொடரிலிருந்து விலகும் புள்ளி அக்கொத்தின் வயதைக் காட்டும் அளவுகோலாயிற்று.

கொத்தின் கலைவு

இரண்டாவது வினா கொத்தின் கட்டுக்கோப்பைப் பற்றியது. விண்மீன்கள் ஒன்றையொன்று கடக்கும்போது ஈர்ப்பினால் திசைவேகம் மாறுகின்றது. சில விண்மீன்கள் தப்பும் வேகம் பெற்று வெளியேறுகின்றன. இக்கசிவை அம்பர்ட்சுமியனும் (1938) ஸ்பிட்சரும் (1940) முன்னரே ஆராய்ந்திருந்தனர். 1943இல் வெளிவந்த மூன்று கட்டுரைகளில் சந்திரசேகர் 'இயக்கவியல் உராய்வு' என்னும் கருத்தை முன்வைத்தார். விரைந்து செல்லும் விண்மீனைச் சூழ்ந்துள்ள விண்மீன்கள் அதன் பின்புறம் சற்றே செறிந்து பின்னிழுக்கின்றன. இத்தடை இல்லையெனில் கொத்துகள் மிக விரைவில் கலைந்துவிடும் என்பதே அவரது வாதம். இதற்கு எடுத்துக்காட்டாக அவர் கொண்டது, தமிழ் மரபு அறுமீன் என்றும் ஆரல் என்றும் வழங்கிய கார்த்திகைக் கொத்தாகும்.

அவர் கணித்த ஆயுள் பின்னர்த் திருத்தம் பெற்றது. விண்மீனிடை முகில்களும் கொத்துகளைச் சிதைப்பதை 1958இல் ஸ்பிட்சர் காட்டினார். எனினும் இயக்கவியல் உராய்வு நிலைபெற்றது. இன்று விண்மீன் திரள்களின் இணைவை விளக்கவும் அது பயன்படுகிறது.

முடிவுரை

எரிபொருளின் தீர்வு ஒரு கடிகாரம். கூட்டத்தின் கலைவு மற்றொரு கடிகாரம். இரண்டின் கோட்பாட்டிலும் சந்திரசேகரின் பங்கு உண்டு. கல்வராயன் மலைக்கு வடக்கே, சவ்வாது மலையின் காவலூரில் 1968இல் வானாய்வு தொடங்கி, 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டபின், கொத்துகளின் ஒளியளவியல் தமிழ் மண்ணிலிருந்தே இயல்வதாயிற்று. அத்தகைய அளவீடுகளிலிருந்து வயது கணிக்கப்படும்போது, 1935இன் விவாதத்தைக் காட்டிலும் 1942இன் வரம்பே நேரடித் துணையாகின்றது. ஓர் அறிவியலாளரின் வரலாற்றை அவர் எதிர்கொண்ட மறுப்பைக் கொண்டு மட்டும் எழுதுவது, அவரது பணியின் பெரும்பகுதியை வாசகரிடமிருந்து விலக்கிவிடும்.