வைத்தியர் கிறீனும் நோயாளர் பேணலும்

மருத்துவத்தின் உறுப்புகளை நான்காக வகுத்த திருவள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றனோடு அருகிலிருந்து மருந்தூட்டுவோனையும் சேர்த்து எண்ணினார். யாழ்ப்பாணத்து வீடுகளில் அந்த நான்காம் இடத்தைப் பெரும்பாலும் தாயும் தமக்கையுமே ஏற்று வந்தனர். மேனாட்டு மருத்துவம் இங்கு வந்தபோது, அவ்வறிவு இவர்களை எம்மொழியிற் சென்றடைவது என்ற வினா எழுந்தது. அதற்குச் செயலால் விடை கூறியவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884).

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டில் மானிப்பாயில் மருத்துவப் பணியையும் மாணவர்க்குக் கற்பித்தலையும் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆயின், ஆங்கிலம் கற்ற மருத்துவர் அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியூர் சென்றனர். கிராமத்திலேயே தங்கிப் பணியாற்றுவோர் வேண்டுமெனக் கருதிய அவர், 1864 முதல் தமிழிற் கற்பித்தார்.

அதற்கு நூல்கள் வேண்டியிருந்தன. அவர் முதலில் தமிழாக்கிய நூல்களுள் ஒன்று அமெரிக்கரான கல்வின் கற்றருடையது. கல்லூரிகளுக்கு மட்டுமன்றிக் குடும்பங்களுக்கும் என எழுதப்பட்ட அம்மூலநூல், உடற்கூற்றோடு நோயாளரைப் பேணுவோர்க்குரிய விதிகளையும் கூறுவது. தூய காற்று, நீராட்டு, அமைதி, மருத்துவர் விதித்த உணவு ஆகியவற்றை அது வற்புறுத்துகின்றது. நாடி அறுந்து இரத்தம் பெருகின், காயத்துக்கும் இருதயத்துக்கும் இடையே துணியைக் கட்டிக் கோலால் முறுக்குமாறும் காட்டுகின்றது. இன்றைய முதலுதவியோ காயத்தை நேரே அழுத்துவதையே முதலிற் கூறும். கட்டி முறுக்குதல், அழுத்தியும் அடங்காத கை கால் இரத்தப்பெருக்குக்கே உரியது.

பின்னர் 'இரண வைத்தியம்' 1867 இலும், 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' என்பன 1872 இலும் வெளிவந்தன. மாணவரின் துணையோடு கலைச்சொற்களும் ஆக்கப்பட்டன. சமயம் பரப்புதலே மிஷனின் நோக்கமாயினும், இந்நூல்கள் எச்சமயத்தார்க்கும் பொதுவான செல்வமாயின.

கிறீன் 1873 இல் தாயகம் திரும்பினார். 1870 இல் கொழும்பில் தோன்றிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திலேயே கற்பித்தது; தமிழ்வழி மருத்துவக் கல்வி காலப்போக்கில் மறைந்தது. மருத்துவர்க்கு இதனாற் பெருங்குறை நேரவில்லை. அவர் ஆங்கிலம் கற்றுக்கொள்வர். குறை நேர்ந்தது நள்ளிரவில் நோயாளியின் அருகே விழித்திருப்பவர்க்கே. இரத்தம் பெருகும் வேளையில் அகராதி தேட நேரமில்லை. பேணுவோரின் தாய்மொழியிற் சேராத மருத்துவ அறிவு வைத்தியசாலை வாசலிலேயே நின்றுவிடும் என்பதே கிறீன் வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.