டிடிஒய் என்னும் பழம்பெயர்

ராஸ்பெரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கணினியின் யுஎஸ்பி துளையில் ஓர் ஆர்டுயினோ போர்டையோ, ஜிபிஎஸ் கருவியையோ, மின்மீட்டரைப் படிக்கும் அடாப்டரையோ செருகினால், லினக்ஸ் கெர்னல் 'டெவ்' அடைவுக்குள் புதிதாக ஒரு கோப்பை முளைக்கவைக்கிறது. 'டிடிஒய்யுஎஸ்பி0' என்றோ 'டிடிஒய்ஏசிஎம்0' என்றோ அதற்குப் பெயர். டிடிஒய் என்பது டெலிடைப்பின் சுருக்கம். காகித உருளையில் கடகடவென்று அடித்துத் தள்ளிய தொலைத்தட்டச்சு இயந்திரம் அது. இயந்திரம் காயலான் கடைக்குப் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி இதைக் கடந்துபோவதே வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. யுஎஸ்பி மாற்றியது துளையைத்தான். துளைக்குப் பின்னாலிருக்கும் உடன்படிக்கை தந்தி ஆபீஸில் எழுதப்பட்டு, தொலைபேசி மோடத்தின் காலத்தில் திருத்தப்பட்டு, இன்றைக்கும் அமலில் இருக்கிறது. பெயரைவிட நடத்தையில்தான் அதற்குச் சாட்சி அதிகம்.

ஒரே கம்பியில் எழுத்துகளை வரிசையாக அனுப்புவதில் ஆதியிலிருந்தே ஒரு தொல்லை உண்டு: அனுப்பும் முனையும் வாங்கும் முனையும் ஒரே தாளத்தில் இயங்க வேண்டும். 1874இல் ஐந்து குறிகளால் எழுத்தைச் சுட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிரெஞ்சுக்காரர் எமில் போதோவின் ஏற்பாட்டில், தாளத்தைக் காக்கும் பொறுப்பு இயக்குபவரின் விரல்கள்மீது விழுந்தது. இயந்திரம் தட்டும் சத்தத்துக்கு ஏற்ப விசைகளை அழுத்தியாக வேண்டும். பாட் என்ற வேக அலகு அவர் பெயரால் வந்தது. தொல்லையைத் தீர்த்தது சிகாகோவில் சார்லஸ் கிரம், அவர் மகன் ஹோவர்ட் கிரம் ஆகியோரின் பட்டறை. (பணம் போட்டவர் ஜாய் மார்ட்டன் என்ற உப்பு வியாபாரி, இரு பெயரும் சேர்ந்துதான் மார்க்ரம் கம்பெனி.) ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு தொடக்கக் குறி, பின்னால் ஒரு நிறுத்தக் குறி. எழுத்து வரும்வரை வாங்கும் இயந்திரம் சும்மா நிற்கலாம். தொடக்கக் குறி விழுந்ததும் சுழலத் தொடங்கினால் போதும். அந்த ஓர் எழுத்து முடியும்வரை மட்டும் தாளம் பிசகாமலிருந்தால் போதும். இரு முனைகளுக்கும் பொதுவாக ஒரு கடிகாரம் தேவையில்லை என்ற இந்தச் சலுகைதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் மூலதனம். மார்க்ரம், வேறொரு கம்பெனியோடு இணைந்த பிறகு, 1928இல் டெலிடைப் கார்ப்பரேஷன் ஆனது. அதன் 33ஆம் மாடல் 1963இல் வந்தபோது ஓர் எழுத்துக்குத் தொடக்கக் குறி, எட்டு பிட், இரண்டு நிறுத்தக் குறி என்று பதினொன்று. நொடிக்குப் பத்து எழுத்து. ஆகவே 110 பாட். பெல் லேப்ஸில் யூனிக்ஸ் உருவான நாட்களில் அதோடு பேசியது இந்த இயந்திரத்தின் வழியாகத்தான். கருவியையும் கோப்பாகப் பாவித்துப் படிக்கவும் எழுதவும் விடும் யூனிக்ஸ், டெலிடைப்புக்குக் கொடுத்த கோப்புப் பெயர்தான் டிடிஒய்.

அடுத்த திருத்தம் தொலைபேசியால் வந்தது. 1960இல் அமெரிக்க மின்னணுத் தொழிலகங்களின் சங்கம் வெளியிட்ட ஆர்எஸ்-232, கணினிக்கும் அச்சு இயந்திரத்துக்கும் இடையிலான தரம் அல்ல. டெர்மினலுக்கும் மோடத்துக்கும் இடையிலான தரம். அதன் கம்பிகளின் பெயர்களைப் பார்த்தாலே தெரியும்: மணி அடிக்கிறது என்று சொல்ல ஒரு கம்பி, மறுமுனையின் ஒலி கேட்கிறது என்று சொல்ல ஒன்று, 'டெர்மினல் தயார்' என்று சொல்ல ஒன்று. அந்தத் 'தயார்' கம்பியைத் தாழ்த்தினால் மோடம் போனை வைத்துவிடும். குறிகளைப் பிரித்துச் சேர்க்கும் வேலையை டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் கார்டன் பெல் முதலில் ஒரு மின்சுற்றாக அமைத்தார். 1970களின் தொடக்கத்தில் வெஸ்டர்ன் டிஜிட்டல் அதை ஒரே சிப்பில் அடக்கியது. யுஏஆர்டி என்று இன்றும் சொல்வது அதைத்தான். 1981இல் ஐபிஎம் பிசியில் அமர்ந்த 8250 சிப்புக்கு 1.8432 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். அதைப் பதினாறால் வகுத்தால் 115200. லினக்ஸின் பிறப்பும் இந்தத் துளையருகே நடந்ததுதான். 1991இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது இயங்குதளம் அல்ல, மோடம் வழியே பல்கலைக்கழகக் கணினியை எட்டுவதற்கான டெர்மினல் நிரல். விசைப்பலகையிலிருந்து மோடத்துக்கு ஒரு வேலை, மோடத்திலிருந்து திரைக்கு ஒரு வேலை. கெர்னல் அதிலிருந்து வளர்ந்தது.

1996இல் வெளிவந்த யுஎஸ்பி இதையெல்லாம் அடக்கம்செய்ய வந்ததாகவே அறிவிக்கப்பட்டது. 1998இன் ஐமேக் பழைய சீரியல் துளையை உதறியது, மடிக்கணினிகள் பின்தொடர்ந்தன. ஆனால் யுஎஸ்பி குழுவே தொடர்புக் கருவிகளுக்கென்று வகுத்த விதிகளில் ஏசிஎம் என்றொரு வகையைச் சேர்த்தது. அது மோடங்களுக்காக எழுதப்பட்டது. லினக்ஸின் அதிகாரபூர்வக் கருவி எண் பட்டியலில் 166ஆம் எண்ணுக்கு நேரே இன்றும் 'ஏசிஎம் யுஎஸ்பி மோடங்கள்' என்றுதான் இருக்கிறது. 188ஆம் எண் கிளாஸ்கோவின் எஃப்டிடிஐ, தைவானின் புரொலிஃபிக், சீனாவின் சிஎச்340 போன்ற மாற்றிச் சிப்புகளுக்கு. ஆர்டுயினோவின் பழைய போர்டுகளில் எஃப்டிடிஐ சிப் இருந்ததால் அவை 'டிடிஒய்யுஎஸ்பி'. 2010இல் வந்த ஊனோ ஏசிஎம் பேசியதால் அது 'டிடிஒய்ஏசிஎம்'. செருகுபவரைக் குழப்பும் இந்த இரட்டைப் பெயருக்கு வேறு மர்மமில்லை: ஒன்று மாற்றிச் சிப், மற்றது மோடம் வேடம்.

வேடம் என்றாலும் அது மேலோடு நிற்பதில்லை. ராஸ்பெரி பையில் ஒரு நிரல் ஊனோவின் கோப்பைத் திறந்தவுடன் ஊனோ முதலிலிருந்து தன் வேலையைத் தொடங்குகிறது. காரணம், கோப்பைத் திறக்கும்போது லினக்ஸ் 'டெர்மினல் தயார்' கம்பியை உயர்த்துகிறது. ஆர்டுயினோவை வடிவமைத்தவர்கள் அந்தச் சமிக்ஞையை ரீசெட் காலோடு இணைத்து, பொத்தானை அழுத்தாமலே புதிய நிரலை ஏற்ற வழிசெய்தார்கள். இந்த ரீசெட்டைத் தடுக்க விரும்புவோர் 'எஸ்டிடிஒய்' கட்டளையில் முடக்கும் தெரிவின் பெயர் 'ஹப்சிஎல்'. 'மூடும்போது போனை வை' என்று அதற்குப் பொருள். போனே இல்லாத இடத்தில் போனை வைக்காதே என்று கட்டளையிட்டால்தான் வெப்பமானியின் அளவீடு அறுபடாமல் வருகிறது. கோப்பைத் திறக்க அனுமதி மறுக்கப்பட்டால் பயனரை 'டயல்அவுட்' குழுவில் சேர்க்க வேண்டும். டெபியன் என்ற லினக்ஸ் வகை இந்தக் குழுவை வைத்தது, கண்டவர்களும் மோடத்தைத் தொட்டு எண்களைச் சுழற்றிவிடக் கூடாதென்று. வேகத்தின் கதை இதைவிட விசித்திரம். யுஎஸ்பியைத் தானே பேசும் போர்டுகளில் அந்த வழியில் யுஏஆர்டி கிடையாது. 9600 என்றாலும் 115200 என்றாலும் பைட்டுகள் ஒரே வேகத்தில்தான் போகும். ஆனாலும் எண்ணைக் கேட்கிறார்கள், சொல்கிறோம். 2012இல் வந்த ஆர்டுயினோ லியோனார்டோ இந்த வெற்றுச் சடங்குக்கு ஒரு பயன் கண்டது: துளையை 1200 பாட் என்று திறந்து மூடினால், அதுவே புதிய நிரலை ஏற்றுக்கொள்ளத் தயாராகச் சொல்லும் கதவுத் தட்டல். வேகத்தைச் சொல்ல வந்த எண் சங்கேதமாகிவிட்டது.

இது வெறும் மந்தம் என்று ஒரு மறுப்பு எழலாம். மாற்றச் சோம்பல்பட்டதால் பழசு தங்கியது, இதில் உடன்படிக்கை எங்கே வந்தது? சோம்பல்தான் காரணமென்றால், அதே ஐபிஎம் பிசியின் முதுகில் சீரியலுக்குப் பக்கத்தில் இருந்த பாரலல் துளையும் தங்கியிருக்க வேண்டும். அதை வைத்தும் ஆயிரக்கணக்கானோர் ரிலேக்களை இயக்கினார்கள், சிப்புகளில் நிரல் எழுதினார்கள். யுஎஸ்பி-பாரலல் கேபிள் வந்தபோது அதில் பிரின்டர் மட்டுமே ஓடியது. மற்ற பயன்களெல்லாம் செத்தன. ஏனென்றால் பாரலல் துளையின் பயனாளிகள் நம்பியது ஒவ்வொரு காலையும் மைக்ரோநொடிக் கணக்கில் நேரடியாக ஆட்டும் உரிமையை. யுஎஸ்பி பொட்டலம் கட்டி அனுப்புவது, அதனால் அந்த உரிமையைத் தர முடியவில்லை. சீரியலோ தொடக்கத்திலேயே பொதுக் கடிகாரத்தை விட்டுக்கொடுத்தது. பைட்டுகள் வந்த வரிசை மாறக் கூடாது என்பதற்கு மேல் அது அதிகம் கேட்பதில்லை. கொஞ்சமாகக் கேட்டதால் பிழைத்தது. 1979இல் மோடிகான் கம்பெனி வகுத்த தொழிற்சாலை நெறிமுறையான மாட்பஸ்ஸும், கப்பல்களுக்காகப் பிறந்து 4800 பாட் வேகத்தில் பேசும் ஜிபிஎஸ் வாக்கியங்களும், 2012இல் கீனா ஹாய்ஸ்கே தொடங்கிய ஆக்டோபிரின்ட் முப்பரிமாண அச்சு இயந்திரத்துக்கு ஒவ்வொரு வரியாக அனுப்பும் கட்டளைகளும் ஒரே கோப்பு வழியே போகின்றன. இதிலும் விதிவிலக்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: பைட்டுகளுக்கு இடையிலான மௌனத்தை வைத்துச் செய்தியின் முடிவை அறிகிறது மாட்பஸ்ஸின் ஆர்டியூ வகை. எஃப்டிடிஐ சிப்போ, சில்லறைப் பைட்டுகளை 16 மில்லிநொடி வரை தேக்கிவைக்கும் வழக்கமுடையது. நேரத்தை நம்பிய இடத்தில் சீரியலும் நோகிறது. அது மேலே சொன்னதை மறுக்கவில்லை, வலுவாக்குகிறது.

வேறொரு மறுப்பு ராஸ்பெரி பையை அறிந்தவர்களிடமிருந்து வரும். அதன் ஜிபிஐஓ கால்களின் வரிசையில் 14, 15ஆம் எண்களில் யுஏஆர்டி நேரடியாகவே இருக்கிறதே, யுஎஸ்பி என்ற சுற்றுவழி எதற்கு? இருக்கிறதுதான். ஆனால் அது 3.3 வோல்ட், ஐந்து வோல்ட்டை நேரே கொடுத்தால் கணினியே போய்விடும், ஆர்எஸ்-232இன் பன்னிரண்டு வோல்ட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தொடக்கத்தில் அதைக் கணினியின் சொந்தக் கன்சோல் பிடித்துவைத்திருந்தது. 2016இல் வந்த மூன்றாம் மாடலில் நல்ல யுஏஆர்டி புளூடூத்துக்குப் போய், காலில் மிஞ்சியது சிப்பின் மையக் கடிகாரம் ஏறி இறங்கும்போதெல்லாம் வேகம் தடுமாறும் 'மினி' வகை. யுஎஸ்பி வழிக்கும் கஷ்டமில்லாமல் இல்லை. 2012இன் முதல் பலகைகளில் ஒவ்வொரு துளைக்கும் 140 மில்லிஆம்பியர் ஃபியூஸ் இருந்ததால் பசியுள்ள கருவிகள் படுத்துவிட்டன. ஆனால் வோல்ட்டைப் பற்றிக் கவலைப்படாமல் நான்கைந்து கருவிகளை ஒரே நேரத்தில் செருக வேறு வழி இருக்கவில்லை.

நான்கைந்து செருகும்போதுதான் உண்மையான இழப்பு தெரிகிறது. பழைய பிசியில் சீரியல் துளை பெட்டியில் அறையப்பட்டிருந்தது. முதல் துளை என்றைக்கும் முதல் துளை. யுஎஸ்பியில் கெர்னல் முதலில் கண்டது சுழியம், அடுத்தது ஒன்று. மின்சாரம் போய் வந்தால் மின்மீட்டரும் ஜிபிஎஸ்ஸும் பெயர் மாற்றிக்கொள்ளக்கூடும். 2003இல் கிரெக் குரோவா-ஹார்ட்மன் கொண்டுவந்த, கருவிக் கோப்புகளுக்குப் பெயரிடும் யுடெவ் என்ற நிரல் இதற்கு மருந்தானது. சிப்பின் வரிசை எண்ணை வைத்து 'பை-ஐடி' அடைவில் மாறாத பெயர் தருகிறது. மலிவான சிஎச்340களில் வரிசை எண்ணே இல்லாததால், ஒரே மாதிரி இரண்டைச் செருகினால் எந்தத் துளை என்று பார்க்கும் 'பை-பாத்' தான் கதி. ஐபிஎம் பிசியின் அறையப்பட்ட துளைக்கே திரும்பிவிட்டோம். வரிசை எண் இருந்தாலும் அது சொல்வது மாற்றிச் சிப்பை, அதன் பின்னாலிருக்கும் கருவியை அல்ல. உபுண்டு 22.04இல் சிஎச்340 போர்டுகள் தோன்றிய நொடியே மறைந்துபோயின. பார்வையற்றோருக்கான பிரெய்ல் காட்சிப் பலகை ஒன்று அதே சிப் எண்ணைப் பயன்படுத்தியதால், பிரெய்ல் மென்பொருள் அவற்றைத் தன்னுடையவை என்று எடுத்துக்கொண்டது. மறுமுனையில் இருப்பது யார் என்ற கேள்விக்கு டெலிடைப் காலத்தில் ஒரு சாதனம் இருந்தது. 'நீ யார்' என்ற குறியை அனுப்பினால், மறுமுனை இயந்திரத்துக்குள் பற்கள் ஒடித்து அமைத்த சிறு உருளை சுழன்று தன் அடையாளத்தைத் தானே அடித்துக்காட்டும். ஆஸ்கி எழுத்துக் குறியீட்டில் ஐந்தாம் எண் இன்னமும் அந்தக் குறிக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதைக் கேட்பாரில்லை, ஆனால் கேள்வி ஓயவில்லை. பல லினக்ஸ் நிறுவல்களில் புதிதாக ஒரு சீரியல் கோப்பு முளைத்ததும் மோடம்மேனேஜர் என்ற பின்னணி நிரல் அதில் 'ஏடி' என்ற இரண்டு எழுத்தை அனுப்பிப் பதிலுக்குக் காத்திருப்பதுண்டு. 1981இன் ஹேய்ஸ் மோடத்துக்குப் புரிந்த அந்த அழைப்பு, மண்ணின் ஈரம் அளக்கும் ஓர் ஆர்டுயினோவிடம் நீ மோடமா என்று விசாரிக்கிறது.